புன்னைக்காயலும் இரண்டு ஜன்னல்களும்

கடலடியில் மூச்சடக்கிச் சங்கு எடுத்த முதியவர் ஒருவர் சொன்ன சொற்களைக் கணினித் திரைக்குள் தொலைத்துவிட்டுத் தேடிய கதை இது. கதை சிறியதுதான். ஆனால் அதைச் சொல்லப் புகுந்தால், விரிதாள் மென்பொருளில் சாளரம் என்ற ஒன்று எப்படி வந்தது, ஏன் அது சில நேரங்களில் நாம் எண்ணாததைச் செய்கிறது என்ற வரலாற்றைத் தொடாமல் மேலே செல்ல முடியவில்லை. இலக்கியம் பேசும் இடத்தில் விரிதாளுக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். இன்று சொல்லடைவு, கல்வெட்டுப் பட்டியல், ஊர்ப்பெயர்த் தொகுப்பு என்று எதைத் தொடங்கினாலும் நம்மவர் முதலில் திறப்பது விரிதாளைத்தான். ஓலையில் கறையான் புகுந்தால் என்ன செய்வது என்று நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது. விரிதாளில் வரிகள் காணாமல் போனால் என்ன செய்வது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் ஆத்தூருக்கு அருகே கிழக்கு நோக்கித் திரும்பினால், பொருநை கடலோடு கலக்கும் இடத்தில் புன்னைக்காயல் இருக்கிறது. ஆறு கொண்டுவந்து கொட்டிய மண்ணால் கொற்கை கடலை இழந்தது. அதன்பின் மார்க்கோ போலோ கண்ட காயலும் இழந்தது. துறை நகர்ந்து நகர்ந்து இங்கே வந்தது. பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்கரையின் போர்த்துகீசியத் தலைமையிடம் இவ்வூரில்தான் இருந்தது. பின்னர் அதுவும் தூத்துக்குடிக்குப் பெயர்ந்தது.

தமிழ் படித்தவர்களுக்கு இவ்வூர் வேறொரு காரணத்தால் நெருக்கமானது. அண்டிரிக் அடிகளார் என்று நம்மவர் அழைக்கும் அன்றீக்கு அன்றீக்கஸ் 1547-இல் இக்கரைக்கு வந்து, 1600-இல் இவ்வூரிலேயே மறைந்தவர். 1578-இல் கொல்லத்தில் பதினாறு பக்கத் 'தம்பிரான் வணக்கம்', 1579-இல் கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' என்று தமிழ் எழுத்தில் நூல்களை அச்சிட்டவர், 1586-இல் அடியார்களின் வரலாற்றைச் சொல்லும் 'ஃப்ளோஸ் சாங்டோரும்' என்ற பெருநூலை வெளியிட்டார். அது அச்சான இடம் புன்னைக்காயல் என்பது ஆய்வாளர் கொள்கை. அச்சுக்கான பொருளை முத்துக்கரைப் பரதவர் கொடுத்தனர். அந்நூல் தமிழ்நாட்டின் கண்ணுக்கு ஏறத்தாழ முந்நூற்றெழுபது ஆண்டுகள் படாமலே இருந்தது. வத்திக்கான் நூலகத்தில் ஒரு படி பத்திரமாகவே இருந்தது. தனிநாயகம் அடிகளார் போன்றோரின் தேடலால் 1950-களில்தான் அது மீண்டும் நம் கவனத்துக்கு வந்தது. இல்லாமல் போவது வேறு, பார்வைக்கு எட்டாமல் போவது வேறு. இந்த வேறுபாட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்; சற்று நேரத்தில் தேவைப்படும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். 'ஜன்னல்' என்ற சொல்லே போர்த்துகீசியக் கொடைதான். அவர்களது 'ஜனெலா' நம் வீட்டுச் சுவரில் ஜன்னலாகப் பதிந்தது. மேசையும் சாவியும் அலமாரியும் அதே கப்பலில் வந்தவை. அதற்கு முன் நம்மிடம் ஜன்னல் இல்லை என்று பொருளல்ல. சாளரம் உண்டு, பலகணி உண்டு, சிலப்பதிகாரம் அறிந்த 'காலதர்' உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி காலதர். எவ்வளவு அழகான சொல்! கணினித் தமிழ் 'சாளரம்' என்பதைத் தேர்ந்துகொண்டது. பேச்சில் நாம் 'விண்டோ' என்கிறோம்.

இனிக் கதைக்கு வருவோம்.

கடற்கரைச் சொற்களைத் தொகுக்கும் எண்ணத்தோடு மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு புன்னைக்காயலுக்குச் சென்றுவந்தோம். எங்களுக்கு வாய்த்தவர் எண்பதை நெருங்கிய ஒரு பெரியவர். இளமையில் சங்கு குளித்தவர். 1961-இல் தூத்துக்குடியில் நடந்த முத்துக்குளிப்பு அவர் நினைவில் அப்படியே இருந்தது. அரசு நடத்திய முத்துக்குளிப்பில் அதுவே கடைசி. முதல் நாள் முழுவதும் அவர் குளிப்பைப் பற்றியே பேசினார். கடலடியில் மேடிட்டுக் கிடக்கும் 'பார்', இறங்குவதற்குக் காலில் கோக்கும் கல், கயிறு பிடிப்பவருக்கும் குளிப்பவருக்கும் இடையே ஓடும் சைகைகள், சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதாக நம்பப்பட்ட 'கடல்கட்டி' என்று சொற்கள் வந்துகொண்டே இருந்தன. கரையில் தெரியும் கோயில் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் நிற்கும் பனையையும் ஒரே நேர்கோட்டில் வைத்து, அப்படியே வேறு திசையில் இன்னும் இரண்டு அடையாளங்களை நேர்கோட்டில் வைத்து, கோடுகள் வெட்டும் இடத்தில் பார் இருப்பதை அறியும் முறையை மணலில் கோடு கிழித்துக் காட்டினார். அடுத்து வந்த நாட்களில் காற்று, நீவாடு, வலை, மீன் என்று பட்டியல் வளர்ந்தது. ஏட்டிலக்கியம் படித்த எங்களுக்குக் கொண்டலும் வாடையும் தென்றலும் கோடையும் தெரியும். சோழகமும் கச்சானும் அவற்றின் உட்பிரிவுகளும் அவர் சொல்லித்தான் தெரியும்.

எல்லாவற்றையும் ஒரே விரிதாளில் ஏற்றினோம். முதல் வரியில் தலைப்பு. இரண்டாம் வரி முதல் முப்பத்தேழாம் வரி வரை முதல் நாள் பேச்சு. பின்னால் மற்றவை. கோப்பு ஒரே பென்டிரைவில், ஒரே பெயரில், கைமாறிக் கைமாறி வளர்ந்தது. இதுவே முதற்பிழை என்று இன்று தெரிகிறது.

பெரியவர் மறைந்த செய்தி ஒரு நாள் காலையில் வந்தது. அடுத்த வாரம் அவருடைய மகன் தொலைபேசியில் அழைத்தார். "சார், முப்பதாம் நாளுக்கு அப்பா சொன்னதையெல்லாம் சின்னப் புத்தகமாப் போடலாம்னு இருக்கோம். முத்துக்குளிச்ச கதை முதல்ல வரணும்." தாராளமாகத் தருகிறோம் என்றோம். மாலையில் கோப்பைத் திறந்தோம்.

முத்துக்குளிப்பைக் காணவில்லை! தலைப்பு வரியையும் காணவில்லை. பட்டியலின் உச்சியில் ஏதோ ஒரு மீனின் பெயர் நின்றது. மேலே உருட்டினால் உருளவில்லை. கண்ட்ரோல் விசையோடு ஹோம் விசையை அழுத்தினால் அந்த மீனுக்கு அடுத்த வரியில் போய் நின்றது. கீழே போய்ப் பார்த்தால் காற்றுச் சொற்கள் இருந்த இடத்தில் இருபத்திரண்டு வெற்று வரிகள்.

மாணவர்களை விசாரித்தோம். கடைசியாகக் கோப்பைத் தொட்டவர் கண்கலங்கியபடி சொன்னது இது: கோப்பைத் திறந்தபோது ஒரே பெயரில் இரண்டு சாளரங்கள் திறந்தன, ஒன்றின் பெயருக்குப் பின்னால் 1 என்றும் மற்றதன் பின்னால் 2 என்றும் இருந்தது, யாரோ தவறுதலாக இரண்டு படிகள் எடுத்துவிட்டார்கள் என்று எண்ணி, இரண்டாவதிலிருந்து காற்றுச் சொற்களை அழித்துச் சேமித்து மூடினார், முதலாவதில் அவை பத்திரமாக இருக்கும் என்று நம்பினார். முத்துக்குளிப்பைத் தாம் தொடவே இல்லை என்றார். நாங்கள் நம்பவில்லை. ஒன்றை அழித்தவர் மற்றதையும் அழித்திருப்பார் என்றே முடிவுகட்டினோம். அந்த முடிவுக்காக இன்றும் வெட்கப்படுகிறோம்.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு 1978-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

ஹார்வர்டு வணிகப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லின், கரும்பலகையில் கட்டம் கட்டமாக எண்களை எழுதி, ஓர் எண்ணை மாற்றினால் மற்றவற்றையெல்லாம் அழித்து எழுத வேண்டியிருக்கும் துன்பத்தைக் கண்டு, தானே திருத்திக்கொள்ளும் பலகை ஒன்றைக் கனவு கண்டார். பாப் ஃபிராங்ஸ்டன் அதற்கு உயிர் கொடுத்தார். 1979-இல் ஆப்பிள் 2 கணினிக்கு 'விசிகால்க்' வந்தது. விரிதாள் என்ற பெயர் அதற்கும் பழையது. கணக்கர்கள் பேரேட்டின் எதிரெதிர்ப் பக்கங்களை விரித்து, இரண்டையும் ஒரே பரப்பாகக் கொண்டு எழுதிய அகலத் தாளுக்கு அப்பெயர்.

நம் முத்துக்கரையும் இதற்கு அந்நியமல்ல. முத்துகளைத் தரம் பிரிக்க 20, 30, 50, 80, 100 என்று தொடங்கி 1000 வரை துளைகள் கொண்ட பத்துப் பித்தளைச் சல்லடைகளை அடுக்கிச் சலிப்பார்கள். துளைகளின் எண்ணிக்கை கூடக் கூட அவற்றின் அளவு சிறுக்கும். அப்படி அளவால் பிரிந்தவை மீண்டும் ஆணி, வடிவு, மடங்கு, தூள் என்று குணத்தால் பிரியும். ஒரு பக்கம் சல்லடை எண், மறுபக்கம் தரம், இரண்டும் சந்திக்கும் இடத்தில் விலை. விரிதாள் அன்றி இது வேறென்ன? பெரியவர் இதைச் சொன்னபோது நாங்கள் வியந்தோம், அவர் வியக்கவில்லை.

விசிகால்க்கின் தாள் 63 நெடுவரிசைகளும் 254 கிடைவரிசைகளும் கொண்டது. அதாவது பதினாறாயிரத்து இரண்டு கட்டங்கள். ஆனால் ஆப்பிள் 2 கணினியின் திரை ஒரு வரிக்கு 40 எழுத்து, மொத்தம் 24 வரி மட்டுமே. நெடுவரிசை எழுத்து, கட்டளை வரி எல்லாம் போக ஒரே பார்வையில் தெரிந்தவை ஏறத்தாழ எண்பது கட்டங்கள். இருநூறில் ஒரு பங்கு! மற்றவை எங்கே? நினைவகத்தில் இருக்கின்றன, ஆனால் தெரியவில்லை. ஆகவே தாள் என்பது ஒன்று, தாளைப் பார்க்கும் ஜன்னல் என்பது இன்னொன்று என்ற பிரிவினை விரிதாளின் பிறப்பிலேயே அமைந்துவிட்டது.

பிரிக்லினும் ஃபிராங்ஸ்டனும் இதை நன்கு உணர்ந்திருந்தார்கள். சுட்டெலியோ படவுருவோ வீட்டுக் கணினிகளுக்கு வராத அக்காலத்திலேயே, சாய்கோட்டுக்குப் பின் டபிள்யூ எழுத்தை அழுத்தினால் திரை இரண்டு ஜன்னல்களாகப் பிளக்கும் வசதியை வைத்தார்கள். ஒரே தாளின் இரண்டு இடங்களை ஒரே நேரத்தில் பார்க்கலாம். இரண்டும் சேர்ந்து உருள வேண்டுமா, தனித்தனியே உருள வேண்டுமா என்பதையும் தேர்ந்துகொள்ளலாம். சாய்கோட்டுக்குப் பின் டி எழுத்தை அழுத்தினால் தலைப்பு வரி அசையாமல் நிற்கும். இன்று நம்மைத் தடுமாறவைக்கும் சாளர விளையாட்டுகளில் பாதிக்கு வேர் இந்த இரண்டு கட்டளைகள்.

1983 ஜனவரியில் ஐபிஎம் கணினிக்கு வந்த லோட்டஸ் 1-2-3 இவ்விரண்டையும் அப்படியே சுவீகரித்துக்கொண்டது. கூடவே, 1981-இல் வந்த ஐபிஎம் விசைப்பலகையின் ஓரத்தில் கிடந்த 'ஸ்க்ரோல் லாக்' விசைக்கும் ஒரு வேலை கொடுத்தது. அதை அழுத்திவிட்டால் அம்புக்குறி விசைகள் கட்டத்தை நகர்த்தாமல் தாளையே நகர்த்தும். எக்செலிலும் அவ்வழக்கம் தொடர்கிறது. 'அம்புக்குறியை அழுத்தினால் கட்டம் நகரவில்லை, திரைதான் ஓடுகிறது' என்று யாரேனும் புலம்பினால், பெரும்பாலும் நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய இந்தப் பழக்கமே காரணம். இப்போது பல மடிக்கணினிகளில் அந்த விசையே இல்லை. திரையில் தோன்றும் விசைப்பலகையை வரவழைத்துத்தான் அதை விடுவிக்க வேண்டியிருக்கிறது. விசை மறைந்தும் அதன் ஆவி மறையவில்லை.

எக்செல் 1985-இல் மெக்கின்டோஷ் கணினிக்கும் 1987-இல் விண்டோஸுக்கும் வந்தது. விண்டோஸில் அது ஒரு பெரிய சட்டமும் அதற்குள் பல சிறு சாளரங்களுமாக இருந்தது. தாய் வீட்டுக்குள் பிள்ளைகளின் அறைகள்போல. ஒரு பிள்ளைச் சாளரம் சட்டத்தின் ஓரத்துக்கு வெளியே நகர்ந்துவிட்டால் கோப்பு காணாமல் போனதுபோலவே தோன்றும். 2013-ஆம் ஆண்டுப் பதிப்பில் இக்கூட்டுக்குடும்பம் பிரிந்தது. ஒவ்வொரு கோப்பும் தனக்கென ஒரு தனிச் சாளரத்தோடு திறக்கத் தொடங்கியது. இரண்டு திரைகளை வைத்துக்கொண்டு வேலை செய்வோருக்கு இது பெரும் வசதி. ஆனால் இரண்டாம் திரையில் வைத்துப் பார்த்த கோப்பை ஒற்றைத் திரைக் கணினியில் திறந்தால், சாளரம் இல்லாத திரையைத் தேடிப்போய் நிற்பதும் உண்டு. பணிப்பட்டையில் பெயர் தெரியும், கண்ணுக்கு எதுவும் தெரியாது. அப்போது ஆல்ட் விசையோடு இடைவெளி விசையை அழுத்தி, 'மூவ்' என்பதைத் தேர்ந்து, அம்புக்குறியால் சாளரத்தை உள்ளே இழுத்துவர வேண்டும். வலை இழுப்பதற்கு ஒப்பான வேலைதான். சாளரம் வேண்டுமென்றே மறைக்கப்பட்டிருந்தால் திரை வெறுமையாக இருக்கும். 'வியூ' பகுதியில் 'அன்ஹைட்' என்பதை அழுத்தினால் வெளியே வரும்.

சாளரம் எங்கே நின்றது என்பது கோப்புக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி எழுகிறதல்லவா? கோப்பே அதை எழுதி வைத்துக்கொள்கிறது. எக்செலின் பழைய வடிவில் 'விண்டோ1', 'விண்டோ2' என்ற பெயரிலேயே அதற்குப் பதிவுகள் உண்டு. 2007 முதல் வழங்கும் புதிய வடிவம் உண்மையில் பல சிறு எக்ஸ்எம்எல் ஏடுகளைச் சுருட்டிக் கட்டிய மூட்டை. மூட்டையை அவிழ்த்துப் பார்த்தால், ஓர் ஏட்டில் சாளரம் திரையின் இடப்பக்கத்திலிருந்து எவ்வளவு தள்ளி, மேலிருந்து எவ்வளவு இறங்கி, எவ்வளவு அகலத்தில் நின்றது, மறைந்திருந்ததா இல்லையா என்று குறித்திருக்கும். இரண்டு சாளரங்கள் இருந்தால் இரண்டு குறிப்புகள். ஒவ்வொரு தாளின் ஏட்டிலும், பார்வையின் இடதுமேல் மூலையில் நின்ற கட்டம் எது, எந்த வரி உறையவைக்கப்பட்டது என்பதும் இருக்கும். ஆகவே நாம் ஒரு விரிதாளைத் திறக்கும்போது எண்களும் சொற்களும் மட்டும் வருவதில்லை. கடைசியாக அதைப் பார்த்தவர் எங்கே நின்று எப்படிப் பார்த்தார் என்பதும் சேர்ந்தே வருகிறது. அவருடைய கண்ணால்தான் நாம் பார்க்கத் தொடங்குகிறோம். உரையாசிரியர் வழியே சங்கப்பாட்டைப் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல.

எங்கள் கோப்புக்குத் திரும்புவோம். இரண்டு நாட்கள் திண்டாடிய பிறகு, கணக்குப் பணியில் பல்லாண்டு பழகிய ஓர் அம்மையாரிடம் காட்டினோம். அவர் சொற்களைப் படிக்கவே இல்லை. திரையின் இடது ஓரத்தை மட்டும் பார்த்தார். "சார், வரி எண் முப்பத்தெட்டுல ஆரம்பிக்குதே, கவனிச்சீங்களா?"

கவனிக்கவில்லை! இலக்கியம் படித்தவர்கள் பாட்டைப் பார்ப்போம்; பாட்டெண்ணை யார் பார்க்கிறார்கள்?

வரிகள் அழிக்கப்பட்டிருந்தால் எண்கள் ஒன்றிலிருந்தே தொடங்கியிருக்கும் என்று அவர் விளக்கினார். அழித்த இடத்தை நிரப்பக் கீழுள்ளவை மேலேறிப் புது எண் பெறும். முப்பத்தெட்டில் தொடங்குகிறது என்றால் முன்னுள்ள முப்பத்தேழும் உள்ளே இருக்கின்றன என்று பொருள். தேடல் பெட்டியில் 'கடல்கட்டி' என்று எழுதச் சொன்னார். எழுதினோம். தாளில் எதுவும் அசையவில்லை. ஆனால் மேலே, கட்டத்தின் உள்ளடக்கத்தைக் காட்டும் நீண்ட பட்டையில், அந்தச் சொல் வந்து நின்றது. தண்ணீருக்கடியிலிருந்து கயிறு அசைந்ததுபோல் இருந்தது எங்களுக்கு.

நடந்தது இதுதான். மாணவர் ஒருவர் கீழே உருட்டி, முப்பத்தெட்டாம் வரி திரையின் உச்சியில் இருந்த நேரத்தில், தலைப்பு வரியை நிலைநிறுத்துவதாக எண்ணி 'மேல்வரியை உறையவை' என்ற கட்டளையைத் தட்டியிருக்கிறார். அக்கட்டளைக்கு மேல்வரி என்றால் தாளின் முதல் வரி அல்ல. அந்த நேரத்தில் ஜன்னலில் தெரியும் முதல் வரி. முப்பத்தெட்டு உறைந்தது, அதற்கு மேலிருந்தவை எந்த உருட்டலுக்கும் எட்டாத இடத்துக்குப் போயின. 'ஃப்ரீஸ்' என்பதை விடுவித்ததும் ஒரே நொடியில் முப்பத்தாறு சொற்களும் தலைப்போடு இறங்கிவந்தன. வத்திக்கானில் கிடந்த நூலை நினைத்துக்கொண்டோம்.

அந்த மாணவரே, காற்றுச் சொற்களையும் வலைச் சொற்களையும் ஒப்பிட 'நியூ விண்டோ' என்பதைத் தட்டி இரண்டாம் சாளரத்தையும் திறந்திருக்கிறார். அதில் தவறில்லை, விசிகால்க் காலத்து ஆசையின் தொடர்ச்சிதான் அது. ஒரே கோப்பின் மீது இரண்டு பார்வைகள். அடையாளத்துக்காகப் பெயருக்குப் பின் 1, 2 என்று எண் விழும். எக்செலின் பழைய பதிப்புகளில் முக்காற்புள்ளியோடு, புதியவற்றில் சிறுகோட்டோடு. லிப்ரே ஆபீஸிலும் இதே ஏற்பாடு உண்டு. இரு சாளரங்களோடு சேமித்தால் அடுத்த முறை இரண்டுமாகவே திறக்கும். அந்த எண்கள் படிகளின் எண்கள் அல்ல, பார்வைகளின் எண்கள். கோப்பைத் திறந்த அடுத்த மாணவருக்கு இது தெரியாது. எங்களுக்கும் தெரியாது என்பதால் சொல்லித்தரவில்லை. சாளரங்கள் திரை முழுவதும் விரிந்திருந்ததால், இரண்டாவதில் அழிக்கும்போது முதலாவதிலும் அதே கணத்தில் சொற்கள் மறைந்ததை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கண்ட்ரோலும் இசட்டும் சேர்ந்து காப்பாற்றியிருக்கும். சேமித்து மூடிய பின் அந்த வழியும் அடைபட்டது. காற்று வரும் வழி என்று பெயர் பெற்ற காலதர் வழியாகக் காற்றின் பெயர்கள் வெளியே போய்விட்டன.

சந்தேகம் வந்தால் சோதிப்பது எளிது என்று அம்மையார் சொன்னார். இரு சாளரங்களையும் 'அரேஞ்ச் ஆல்' மூலம் அருகருகே வைத்து, ஒன்றின் வெற்றுக் கட்டத்தில் ஏதேனும் ஓர் எழுத்தை இட வேண்டும். மற்றதிலும் அது தோன்றினால் தாள் ஒன்றே. எதையும் அழிக்கும் முன் கோப்புக்கு வேறு பெயரில் ஒரு படி எடுத்துக்கொள்ள வேண்டும். பென்டிரைவில் அல்ல, வேறிடத்தில். சொல்லக் கேட்கையில் எவ்வளவு எளிதாக இருக்கிறது!

முத்துக்குளிப்புப் பகுதி உரிய நாளில் மகன் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அழிக்காததற்காக ஏச்சு வாங்கிய மாணவரிடம் மன்னிப்புக் கேட்டோம். காற்றுச் சொற்களை மீட்க அவரே முன்வந்தார். கைப்பேசிப் பதிவுகளை மூன்று வாரம் காதில் மாட்டிக்கொண்டு கேட்டார். அலையோசைக்கும் நாய்க்குரைப்புக்கும் நடுவே பதினாறு சொற்களும் அவற்றின் விளக்கங்களும் கிடைத்தன. களக்குறிப்பேட்டிலிருந்து மூன்று. எஞ்சிய மூன்று சொற்களும் குறிப்பேட்டில் இருக்கின்றன. ஆனால் அவற்றின் எதிரே எங்கள் கையெழுத்தில் 'பொருள், கோப்பில் காண்க' என்று எழுதியிருக்கிறது.

அவை காற்றின் பெயர்களா, காற்றால் திரும்பும் நீவாட்டின் பெயர்களா என்பதுகூட இப்போது உறுதியில்லை. கரையில் விசாரித்தோம். இளையவர்கள் இப்போது ஜிபிஎஸ் கருவியோடு கடலுக்குப் போகிறார்கள். கேள்விப்பட்டதுபோல் இருக்கிறது என்கிறார்கள், அவ்வளவே. மணப்பாட்டிலும் வீரபாண்டியன்பட்டினத்திலும் அவர் வயதை ஒத்த சிலர் இருப்பதாகச் சொன்னார்கள். மார்கழி விடுமுறையில் போவதாக இருக்கிறோம். அதுவரை விரிதாளில் அம்மூன்று சொற்களின் எதிரே உள்ள கட்டங்களை வெறுமையாகவே விட்டிருக்கிறோம்.